மேல்மாடியில் குடியிருந்தவர்கள்

மகனே,

வருகிற கிழமை நீ ரோமுக்குப் போகிறாய். முன்பெல்லாம் ஒரு முதுகுப்பையோடு போய் ஒரு மாதத்தில் திரும்பி வந்தாய். இந்த முறை பெரிய பெட்டிகள். திரும்பும் ரிக்கெட்டும் இல்லை. விமான நிலையத்தில் நின்று கதைக்கக்கூடியது என்ன என்று எனக்குத் தெரியும். உன் அம்மா அழுவாள், நான் பெட்டியின் சில்லு சரியாகச் சுழல்கிறதா என்று பார்ப்பேன், நீ கைபேசியைப் பார்ப்பாய். அதனால் சொல்ல வேண்டியதை எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன். இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாரிசில் நமது ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் என்னைக் காண்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மகன் என்ன செய்யிறார்?" "ரோமர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறார்." "எந்த ரோமர்?" "பழைய ரோமர்." உடனே, "அதிலை என்ன அண்ணை இருக்கு?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அவர்களும் இதைப் படிக்கட்டும்.

நீ லத்தீன் படிக்கத் தொடங்கியதில் யாருடைய கனவும் இல்லை. கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் வருடம் விருப்பப் பாடமாக அதை எடுக்கலாம் என்றார்கள். உன் சிநேகிதன் எடுத்தான், நீயும் எடுத்தாய். அந்த மணித்தியாலங்களில் நீ தெருவில் நிற்கமாட்டாய் என்பதால் நான் கையெழுத்து வைத்தேன். அந்தக் காலத்தில் நான் நமது கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த சாப்பாட்டுக்கடையில் சமையல்காரன். நாங்கள் குடியிருந்தது அதே கட்டடத்தின் மூன்றாம் மாடி. வீட்டில் மேசை வைக்க இடம் இல்லாததால் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையின் பின்மேசையில் இருந்து படிப்பாய். நான் கொத்துரொட்டி கொத்துகிற சத்தத்தில் உனக்கு எப்படித்தான் படிப்பு ஏறியதோ தெரியாது. ஒருநாள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, ரோமிலையும் இப்பிடித்தான்" என்றாய். கீழே கடைகள், மேலே மாடிமாடியாக வாடகை வீடுகள். தெருவைப் பார்த்தபடி கல்லாலான ஒரு மேடை, அதில் புதைத்து வைத்த பெரிய சாடிகள். மேல்மாடிகளில் அடுப்பு மூட்ட வசதியில்லாத சனங்கள் கீழே இறங்கி வந்து கடலையும் இறைச்சியும் சுடச்சுட வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பணக்காரர் இப்படிக் கடையில் சாப்பிடுகிறவர்களைக் கேவலமாகப் பார்த்தார்கள் என்றும் சொன்னாய். எனக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. ஆனால் அன்றிலிருந்து நீ சொல்வதை ஒரு காதால் கேட்கத் தொடங்கினேன்.

உன்னிடமிருந்து அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சனங்களைப் பற்றி ஓரளவு தெரிய வந்தது. அவர்கள் பின்னேரங்களில் பொதுக் குளிப்பிடத்துக்குப் போனார்கள், சுடுநீரில் இறங்கினார்கள், பிறகு குளிர்நீரில் இறங்கினார்கள், அங்கேயே ஊர்க்கதை முழுவதையும் கதைத்துத் தீர்த்தார்கள். நீ என்னை இங்கேயுள்ள க்ளூனி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் கட்டிய குளிர்நீர் மண்டபத்தைக் காட்டினாய். கூரை இன்னும் விழாமல் நிற்கிறது. பாரிசுக்கு வந்த புதிதில் என் அறையில் குளிக்க வசதியில்லை. சனிக்கிழமைகளில் துவாயைப் பையில் வைத்துக்கொண்டு நகரசபையின் குளிப்பிடத்துக்குப் போய் வரிசையில் நிற்பேன். அதை உன்னிடம் சொன்னபோது நீ சிரிக்காமல், "அங்கை ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்று கேட்டாய். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கமாட்டார்கள் என்றேன். உனக்கு ஏமாற்றம். இன்னொருமுறை, ஏழைகள் சேர்ந்து சங்கம் வைத்திருந்தார்கள், மாதாமாதம் காசு போட்டார்கள், செத்தால் சங்கம் அடக்கம் செய்யும், வருடத்தில் ஒருநாள் எல்லோருமாகச் சேர்ந்து விருந்து சாப்பிடுவார்கள் என்றாய். அப்போது மட்டும் நான் கரண்டியை வைத்துவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கிழமைதான் நமது ஊர்ச்சங்கம் ஓர் ஆளை இங்கே தகனம் செய்து முடித்திருந்தது. ஆனால் நீ சொன்னதிலேயே உன் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ரோமர் சட்டப்படி தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மகனுக்குச் சொந்தமாக எதுவுமே கிடையாது, எத்தனை வயதானாலும் அவன் தகப்பனின் கைக்குள்தான். அதைக் கேட்டுவிட்டு அவள், "உன்ரை அப்பாவுக்கு அதைச் சொல்லாதை" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இந்தக் கடிதம் ஆறாம் மாடி அண்ணையைப் பற்றியது. நீ அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாய். கூரைக்குக் கீழே, பழைய காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்கென்று கட்டிய சின்ன அறையொன்றில் அவர் தனியாக இருந்தார். கட்டிலும் ஒரு யன்னலும்தான் அங்கே இருந்தன; தண்ணீருக்கு நடையின் கடைசிக்குப் போகவேண்டும். இரவில் ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவிவிட்டு விடிய வந்து படுப்பார், பின்னேரம் எழும்பி வந்து நான் சமைக்கும் கடையில் சாப்பிடுவார். அதிகம் கதைக்காத மனிதர். அவருடைய அகதி விண்ணப்பம் பல வருடங்களுக்கு முன்பே நிராகரிக்கப்பட்டிருந்தது. நாட்டை விட்டு வெளியேறச் சொல்லியும் விட்டார்கள். அவர் வெளியேறவில்லை. லா சப்பலில் பொலிஸ் வான் நின்றால் அடுத்த தெருவால் சுற்றி வருவார். அதில் அவருக்கு அலுப்போ கோபமோ இருந்ததாகத் தெரியவில்லை. மழை பெய்தால் குடை பிடிப்பதைப் போல அதைச் செய்தார்.

கட்டடத்தில் வெடிப்பு இருந்தது எல்லோருக்கும் தெரியும். படிக்கட்டுச் சுவரில் கீழிருந்து மேலே மரக்கிளை மாதிரி போனது. வீட்டுக்காரர் ஆளை அனுப்பி அதன்மேல் சாந்து பூசி வெள்ளையடித்தார். கொஞ்ச நாளில் வெள்ளைக்குள்ளேயே கோடு தெரிந்தது. நீ அதைப் பார்த்துவிட்டு, ரோமில் வீட்டுக்காரர்கள் விழப்போகிற சுவருக்கு முட்டுக்கொடுத்து, வெடிப்பை மூடிப் பூசிவிட்டு, நிம்மதியாகப் படுங்கள் என்று குடியிருப்பவர்களுக்குச் சொல்வார்களாம் என்றாய். அங்கே வீடுகள் விழுவதும் எரிவதும் சாதாரணம். எவ்வளவு மேலே இருக்கிறாயோ அவ்வளவு குறைந்த வாடகை, அவ்வளவு ஆபத்து. நெருப்புப் பிடித்தால் கூரைக்குக் கீழே இருப்பவனுக்குத்தான் கடைசியாகத் தெரியவரும். நீ அப்போது லிசேயில், மேல்நிலைப் பள்ளியில், கடைசி வருடம். இதையெல்லாம் மிகவும் உற்சாகமாகச் சொன்னாய். உன் அம்மா, "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு" என்றாள்.

அது நடந்தது ஒரு வசந்தகாலக் காலை. நாலாம் மாடியில் இருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவிக்கு வீட்டுக் கதவைத் திறக்க முடியவில்லை. நிலை சரிந்து கதவை இறுக்கிவிட்டது. அவர் தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து கதவை உடைத்துத் திறந்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள், பிறகு ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொண்டு மாடிமாடியாக ஓடிக் கதவுகளைத் தட்டினார்கள். எல்லோரும் உடனே இறங்கவேண்டும், எதையும் எடுக்கக்கூடாது. உன் அம்மா அந்த அவசரத்தில் சோறு சமைக்கும் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருந்தாள். ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. தெருவின் அந்தப் பக்கத்தில் நாடா கட்டி எங்களை நிறுத்தினார்கள். பொலிஸ் வந்து தெருவை இரண்டு முனையிலும் மறித்தது. நான் கடையின் வாயுவை மூடினேனா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நீ என் கையைப் பிடித்தாய்.

"அப்பா, மாமா எங்கை?"

"வேலைக்குப் போயிருப்பார்."

"இல்லை. காலமை படியிலை கண்டனான். படுக்கப் போறன் எண்டவர்."

தீயணைப்புக்காரர் ஆறாம் மாடியிலும் தட்டியிருந்தார்கள். பதில் இல்லாததால் ஒருவரும் இல்லை என்று எண்ணி இறங்கிவிட்டார்கள். நான் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப எடுத்த பிறகு எடுத்தார். நித்திரையில் இருந்த குரல் இல்லை.

"அண்ணை, உடனை இறங்கி வாங்கோ. கட்டடம் விழப்போகுதாம்."

"தட்டினது கேட்டது. யன்னலாலை பாத்தன். கீழை பொலிஸ் நிக்குது."

"அவங்கள் ஒண்டும் கேக்கேல்லை அண்ணை. சனத்தை மறிக்கத்தான் நிக்கிறாங்கள்."

"இண்டைக்குக் கேக்கமாட்டாங்கள். பேரை எழுதுவாங்கள். பிறகு கேப்பாங்கள். அவங்கள் போகட்டும், நான் மெல்ல இறங்கி வாறன். நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

வைத்துவிட்டார். அவர் சொன்னதை நான் உனக்குச் சொன்னேன். நீ, "அவங்களிட்டைச் சொல்லுங்கோ" என்றாய். எனக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். மிகவும் சின்ன வயது, உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்திருப்பார். நாங்கள் தமிழில் கதைப்பதை விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொறு. ஆளைப் பிடிச்சுக் கொண்டுபோய் பிளேனிலை ஏத்தினால் நீயே பொறுப்பு?"

"கட்டடம் விழுந்தால் நீங்களே பொறுப்பு?"

இந்த இரண்டு கேள்விகளையும் நான் அதற்குப் பிறகு எத்தனையோ முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். அந்த நேரத்தில் நமது ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், உனக்கு அவ்வளவாகத் தெரியாது. சுவர் என்ன செய்யும் என்பது உனக்குத் தெரிந்திருந்தது, அது எனக்கு அவ்வளவாகப் படவில்லை. நான் இன்னொருமுறை அவரோடு கதைத்து இறங்கச் செய்யலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். நீ நாடாவுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய், தீயணைப்புக்காரர்களில் மூத்தவராகத் தெரிந்தவரிடம் பிரெஞ்சில் சொன்னாய்: "ஆறாம் மாடியில் ஓர் ஆள் இருக்கிறார். கதவைத் திறக்கமாட்டார். பயந்துபோய் இருக்கிறார்." ஏன் பயம் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அவர்கள் அவரை நடுவில் விட்டுக் கூட்டிவந்தார்கள். காலில் சப்பாத்து இல்லை, கையில் ஒரு பொலித்தீன் பை. நாடாவைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. உன் முன்னால் நின்று, "உன்னைச் சின்னப்பிள்ளை எண்டு நினைச்சன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு நகரசபையிலிருந்து வந்தவர்கள் ஒரு மேசை போட்டு எல்லோருடைய பெயரையும் எழுதினார்கள், அவரும் எழுதிக்கொடுத்தார். யாரும் அவரிடம் வதிவிடப் பேப்பர் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தைப் புறநகரில் திரான்சி பக்கம் ஒரு ஹோட்டலில் விட்டார்கள், அவரை வேறெங்கோ. அடுத்த கிழமை இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. கூரையின் ஒரு பகுதி ஆறாம் மாடியின்மேல் இறங்கி, அந்த மாடியையும் சேர்த்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்குள் போய்விட்டது. நான் பார்க்கப் போனபோது மறிப்புக்கு வெளியே அவர் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நீ ஒருவனைக் காப்பாற்றினாய் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். இரண்டு மாதத்துக்குள் கார் து நோர் நிலையத்தில் அவரைப் பிடித்தார்கள். அந்த மேசையில் எழுதிய பெயரால் பிடித்தார்களா, வழக்கமாக ரயில் நிலையத்தில் ஆட்களை மறித்துப் பார்ப்பதில் அகப்பட்டாரா என்பது ஒருவருக்கும் தெரியாது. தங்கவைத்த ஹோட்டலில் இருந்து வேலைக்குப் போக அவர் இரண்டு ரயில் மாறவேண்டியிருந்தது. பழைய அறையில் இருந்தபோது நடந்தே போவார். ஆகவே பெயர் காரணமாக இல்லாவிட்டாலும், அறை போனது காரணமாக இருக்கலாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தடுத்து வைக்கிற இடத்தில் அவரைப் போட்டார்கள். செய்தி வந்த அன்று நீ சாப்பிடவில்லை. உன் அம்மா சாப்பாட்டுக் கோப்பையை உன் முன்னால் வைத்துவிட்டு எதிரில் இருந்தாள். நான் உன்னிடம், இது உன்னால் வந்ததல்ல என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை உனக்கு எப்படிச் சொல்வது? நாளைக்குப் போய்ப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன்.

போனோம். சின்ன அறை, ஒரு மேசை, மூன்று கதிரைகள். அவர் மெலிந்திருந்தார், முகச்சவரம் செய்திருந்தார். நான் வழக்கறிஞர், சங்கம், மனு என்று சொல்லவேண்டியதைச் சொன்னேன். நீ குனிந்தபடி இருந்தாய். அவர்தான் உன்னைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன படிக்கிறாய் இப்ப?"

"லத்தீன். பரீட்சை வருது."

"அது ஆற்றை பாஷை?"

"ரோமர்ரை. இப்ப ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

"அப்ப நல்லது. அதுக்கு ஒருத்தரும் பேப்பர் கேக்கமாட்டாங்கள்."

முதலில் அவர்தான் சிரித்தார். உனக்குச் சிரிப்பு வந்து அழுகையும் வந்தது. காவலாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் மேசையைத் தாண்டி உன் தலையில் கை வைத்து, "நீ சொல்லாட்டி நான் இண்டைக்கு இஞ்சை இல்லை. சொன்னதாலைதான் இஞ்சை இருக்கிறன். இரண்டும் சரிதான். அழாதை" என்றார். அதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை நானோ நீயோ வேறு எவருமோ இதுவரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு நீதிபதி ஏதோ நடைமுறைப் பிழை என்று அவரை விட்டுவிட்டார். பல வருடங்கள் கழித்து வேலையைக் காட்டி அவருக்கு விசா கிடைத்தது. இப்போது புறநகரான வில்லியே லே பெல்லில் மனைவியோடு இருக்கிறார்.

நீ அந்த வருடப் பரீட்சை எழுதியபின் எஞ்சினியரிங்குக்கு விண்ணப்பிக்காமல் ரோமர் வரலாறு படிக்கப்போகிறேன் என்றாய். உன் அம்மா ஒரு கிழமை உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கும் சந்தோஷம் இல்லை. ஆனால் தடுக்கவில்லை. ரோமில் ஒரு தகப்பனுக்கு இருந்த அதிகாரம் எனக்கு இருந்திருந்தால் தடுத்திருப்பேனோ என்னவோ. நீ என்ன தேடிப் போகிறாய் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. போன இலையுதிர்காலத்தில் நானும் உன் அம்மாவும் உன்னைப் பார்க்க ஒஸ்தியாவுக்கு வந்தபோதுதான் விளங்கியது.

ஒஸ்தியா ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகப் பட்டினம், இப்போது கடல் விலகிப்போய்ப் பைன் மரங்களுக்கு நடுவில் கிடக்கிறது. நீ எங்களைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாய். சாப்பாட்டுக்கடை ஒன்றில் மேடைக்கு மேலே சுவரில் உணவு வகைகளை வரைந்து வைத்திருந்தார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கு அதுதான் பட்டியல் என்று உன் அம்மா உடனே சொன்னாள். வியாபாரிகளின் சங்கக் கட்டடத்தில் தரையில் கல் பதித்துக் கப்பல்களும் ஊர்ப் பெயர்களும் அமைத்திருந்தார்கள். தீயணைப்புப் படை இருந்த இடத்தையும் காட்டினாய். அந்தப் படையில் முதலில் சேர்க்கப்பட்டவர்கள் விடுதலையான அடிமைகள், சில வருடங்கள் வாளி தூக்கி நெருப்பணைத்தால் அவர்களில் குறைப் பிரஜைகளாக இருந்தவர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது என்றாய். நான் அதைக் கேட்டுவிட்டு, "எங்களைப் போல ஆக்கள் அந்தக் காலத்திலை இஞ்சை இருந்திருந்தால் என்னவா இருந்திருப்பம்?" என்று கேட்டேன். நீ யோசித்துவிட்டு, "முதல்லை அடிமை. பிறகு அதிர்ஷ்டம் இருந்தால் விடுதலை. விடுதலையானாலும் எசமானுடைய பேர்தான் உங்கடை பேர். அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்துகொண்டேதான் இருக்கவேணும்" என்றாய். எனக்கு முதலில் வேலை தந்து, விசாவுக்குக் கையெழுத்துப் போட்டு, அதற்காகக் கடைசிவரை ஞாயிற்றுக்கிழமைகளிலும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளியை நான் நினைத்துக்கொண்டேன். நல்ல மனிதர்தான். இருந்தாலும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு செங்கல் கட்டடத்துக்குள் போனோம். படிக்கட்டு ஒன்று நல்ல நிலையில் இருந்தது. நான் ஏறினேன். ஒரு திருப்பம் திரும்பி, இன்னும் சில படிகள் ஏற, மேலே வானம். அதற்குமேல் படி இல்லை. உன் அம்மா கீழே நின்று, "போதும், இறங்குங்கோ, விழுந்துபோவியள்" என்றாள். நீ எனக்குப் பின்னால் வந்து நின்று கையை மேலே காட்டி, "இதுக்கு மேலை இன்னும் மாடிகள் இருந்தது. எல்லாம் விழுந்துபோச்சு. ரோம் முழுக்க அப்பிடித்தான். கீழை இருந்த கடைக்காரர்ரை பேர் இருக்கு, முதலாம் மாடிக்காரர்ரை சுவரோவியம் இருக்கு. மேலை இருந்த ஆக்கள்ரை ஒண்டுமே இல்லை. அவையைத்தான் நான் தேடுறன்" என்றாய். இல்லாத மாடியில் எப்படித் தேடுவது என்று கேட்டேன். கீழ்ச்சுவரின் தடிப்பைப் பார்த்தால் மேலே எத்தனை மாடிகளைத் தாங்கியிருக்கும் என்று கணக்கிடலாம், படி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு சனம் ஏறி இறங்கியிருக்கும் என்று சொல்லலாம் என்றாய். நான் குனிந்து படியைப் பார்த்தேன். நடுவில் குழிந்திருந்தது.

அங்கே வைத்துத்தான் நீ அதைக் கேட்டாய். உன் ஆராய்ச்சி புத்தகமாக வருகிறது, முதல் பக்கத்தில் மாமாவின் பெயரைப் போட விரும்புகிறேன், ஆனால் நேரில் கேட்கப் பயமாக இருக்கிறது, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ என்றாய். பல வருடங்களுக்குமுன் அவரைக் கேட்காமல் அவரைப் பற்றிச் சொன்ன நீ, இந்தமுறை கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தாய். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை அப்போது சொல்லவில்லை.

அவரிடம் போவதற்கு முன், உன்னிடம் சொல்ல நினைத்த இரண்டொன்றை இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்தச் சனங்களை நமது சனங்களாக ஆக்கிவிடாதே. நீ கதைக்கும்போது சிலவேளைகளில் அப்படித் தோன்றுகிறது. மேல்மாடியில் இருந்த ஏழை ரோமனும் கையில் காசு சேர்ந்தால் ஓர் அடிமையை வாங்கியிருப்பான், விளையாட்டரங்கில் ஆளை ஆள் கொல்வதைப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருப்பான். கஷ்டப்பட்டவன் என்பதால் ஒருவன் நல்லவனாகிவிடுவதில்லை. லா சப்பலில் வாழ்ந்த எனக்கு இதற்கு ரோமர் தேவையில்லை. அவர்களை உள்ளபடி எழுது. மற்றது, அங்கே வீடு எடுக்கும்போது கீழ்மாடியிலோ முதலாம் மாடியிலோ எடு, சுவரைப் பார்த்து எடு. பிரித்தானியாவின் வடக்கு எல்லையில் குளிரில் கிடந்த ரோமப் படைவீரன் ஒருவனுக்கு வீட்டிலிருந்து காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருந்தார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் அம்மா உனக்கு அவற்றை வாங்கிச் சேர்க்கிறாள். ரோம் சூடான ஊர் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பேசாமல் வாங்கிக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆர்.இ.ஆர். ரயில் எடுத்து, பிறகு பஸ் எடுத்து அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி தேநீர் தந்தார். நீ செய்கிற வேலையை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்: விழுந்துபோன மாடிகள், பெயர் தெரியாத ஆட்கள், சுவரின் தடிப்பு. அவர் குறுக்கிடாமல் கேட்டார். புத்தகத்தில் உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்கிறான், விருப்பமில்லாவிட்டால் வேண்டாம், அல்லது முதலெழுத்தை மட்டும் போடலாம் என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் எழும்பத் தயாரானேன்.

"முதலெழுத்து வேண்டாம்" என்றார். "முழுப் பேரையும் போடச் சொல்லுங்கோ. என்ரை அப்பான்ரை பேரையும் சேர்த்து."

பிறகு, பிரெஞ்சுக்காரர் எப்போதும் பிழையாகத்தான் எழுதுகிறார்கள் என்று சொல்லி, என்னைப் பேனை எடுக்கச் சொல்லி, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எனக்குச் சொன்னார். நான் எழுதியதை வாங்கிப் பார்த்து ஓர் இடத்தில் திருத்தினார். இது எல்லோரும் படிக்கிற கடிதம் என்பதால் அதை இங்கே எழுதவில்லை. விமான நிலையத்தில் உன் கையில் தருகிறேன்.

அப்பா